நீர்மட்ட சென்சார் தப்பாகக் காட்டினால்: கிணற்றிலிருந்து எடுப்பதற்கு முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

கிணற்றுக்குள் தொங்கும் நீர்மட்ட சென்சார் தப்பாகக் காட்டுகிறது என்று போன் வரும். நான் போய்ச் சேருவதற்குள் பாதி இடங்களில் அதை மேலே இழுத்துப் போட்டிருப்பார்கள். இழுத்த அந்த நிமிடமே தடயம் போய்விடுகிறது. எந்த ஆழத்தில் தொங்கியது, தப்பு எவ்வளவு, சென்சாரின் மூக்கில் (தண்ணீர் நுழையும் அடிமுனையில்) சேறு இருந்ததா என்று எதையும் பிறகு கண்டுபிடிக்க முடியாது.

ராமநாதபுரம் கடலோரத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை தண்ணீருக்கு வெளியேதான் இருந்தன. சென்சார் கேபிளும் பேனல் கேபிளும் சேரும் ஜங்ஷன் பாக்ஸ், கேபிள் இணைப்பு, மட்டத்தைத் திரையில் காட்டும் கண்ட்ரோலரில் போட்ட ஒரு எண், இவற்றில்தான் கோளாறு. அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை இதுதான்: முதலில் தண்ணீரை அளப்பது, அப்புறம் பேனல், அப்புறம் ஜங்ஷன் பாக்ஸ், கடைசியில் சென்சார்.

இங்கே சொல்வது நீரின் அழுத்தத்தை வைத்து மட்டம் சொல்லும் ரகத்துக்கு. இரண்டு வயர், 4–20 மில்லிஆம்பியர் (மட்டம் பூஜ்யமானால் 4, அளவு வரம்பு நிறைந்தால் 20), கேபிளுக்குள்ளேயே ஒரு மெல்லிய காற்றுக்குழாய். நம் பக்கம் ஆர்ஓ பிளான்ட் கிணறு, இறால் பண்ணை வாய்க்கால், உப்பளப் பாத்தி என்று எங்கும் இறங்கியிருப்பது பெரும்பாலும் இதுதான்.

இருபது சென்டிமீட்டர் தப்புக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள் உண்டு. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை அது இருக்கும் என்பது கணக்கு. மேலே 20 சென்டிமீட்டர் குறைந்தால் கீழே 8 மீட்டர் நல்ல தண்ணீர் போகிறது. மோட்டாரை நிறுத்த வேண்டிய மட்டம் தப்பானால் உப்பு மேலேறும், ஏறிய உப்பு அடுத்த மழைக்குக்கூட முழுதாக இறங்காது. ஊரே குடிக்கிற கிணற்றில் இந்த 20 சென்டிமீட்டரை விட்டுவிட முடியாது.

1. கையில் இருக்க வேண்டியவை

மில்லிஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டர், இரும்பு நாடா, கரும்பலகைச் சாக்பீஸ், அரை வாட் 1.8 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சும் அதில் மாட்டும் மெல்லிய ரப்பர் டியூபும், புது சிலிக்கா ஜெல் பொட்டலம், பழைய மென்மையான பல்துலக்கும் பிரஷ், பெயின்ட் மார்க்கர், நோட்டு, பேனா. உப்பளமானால் உப்புத் தண்ணீரின் கனத்தை டிகிரியில் காட்டும் மிதவைக் குழாயும் வேண்டும்.

சென்சாரோடு வந்த தாளையோ, அதன் உடம்பில் பொறித்திருப்பதன் போட்டோவையோ தேடி எடுத்து வையுங்கள். அளவு வரம்பு 5 மீட்டரா 10 மீட்டரா, குறைந்தபட்சம் எத்தனை வோல்ட் வேண்டும் என்ற இரண்டும் தெரியாமல் வேலை தொடங்கக் கூடாது.

பேனலைத் திறக்குமுன் மோட்டார் மெயினை அணைத்து, யாரும் போடாதபடி பூட்டுங்கள். உறைகிணற்றுக்குள் தனியாக இறங்கவே வேண்டாம், அடியில் காற்று கெட்டிருக்கும். இந்த வேலையில் எதற்கும் உள்ளே இறங்கத் தேவையில்லை.

2. நாடா போட்டு உண்மை மட்டத்தை எழுதுங்கள்

கிணற்று விளிம்பில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து பெயின்ட்டால் கோடு போடுங்கள். இனி எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்துதான். ஒரு நாள் கைப்பிடிச் சுவரிலிருந்தும் மறுநாள் தரையிலிருந்தும் அளந்துவிட்டு, சென்சார் ஒரு அடி மாறிவிட்டது என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாடாவின் கடைசி ஒரு மீட்டரில் சாக்பீஸ் தேயுங்கள். இறக்கி, ஒரு முழு எண்ணைக் கோட்டில் நிறுத்தி, மேலே எடுத்தால் நனைந்த இடம் கருப்பாகத் தெரியும். கோட்டில் 7.00, நனைந்த விளிம்பு 0.65 என்றால் கோட்டிலிருந்து நீர் 6.35 மீட்டர் கீழே இருக்கிறது. இரண்டு முறை அளந்து ஒரு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். அதே நிமிடத்தில் கண்ட்ரோலர் காட்டுவதையும் மணியையும் எழுதுங்கள். மோட்டார் ஓடும்போது அளந்தால் நீங்கள் நாடாவைச் சுருட்டுவதற்குள் மட்டம் மாறியிருக்கும், அதனால் நிறுத்தி ஒரு மணி நேரமாவது விட்டு அளப்பது நல்லது.

இப்போது கணக்கு. சென்சார் கோட்டிலிருந்து 9.00 மீட்டரில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 9.00 கழித்தல் 6.35, ஆக சென்சாருக்கு மேல் நிற்பது 2.65 மீட்டர் தண்ணீர். சென்சார் சொல்ல வேண்டியது இந்த 2.65ஐத்தான். புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். சென்சார் சொல்வது தனக்கு மேல் உள்ள தண்ணீரை. நாடா சொல்வது தண்ணீருக்கு மேல் உள்ள காலி இடத்தை. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்.

3. ஒன்றையும் தொடாமல் இரண்டு நாள் கவனியுங்கள்

அவசரம் இல்லையென்றால் இதுதான் மிகவும் பலன் தரும் படி. கண்ட்ரோலரில் பதிவு இருந்தால் கிராஃபை எடுங்கள். இல்லாவிட்டால் விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு முறை எழுதுங்கள். தப்பு எந்த விதமாக வருகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

எப்போது பார்த்தாலும் ஒரே அளவு வித்தியாசம் இருந்தால், கேபிள் பிடிப்பு நழுவி சென்சார் இறங்கியிருக்கும், அல்லது தொங்கும் ஆழத்தைத் தப்பாகப் போட்டிருப்பார்கள். மட்டம் கூடக்கூட வித்தியாசமும் கூடினால் அளவு வரம்பைப் பாருங்கள், அல்லது தண்ணீரின் கனத்தை. தாழ்ந்த மட்டத்தில் சரியாகக் காட்டி, ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் நின்றுவிட்டால் வோல்ட் போதவில்லை. மோட்டார் ஓடும்போது மட்டும் எண் குதித்தால் மின் இரைச்சல். ஆனால் மோட்டார் போட்டதும் சீராக இறங்கி, நிறுத்தியதும் சீராக ஏறினால் அது பழுதே இல்லை. தண்ணீர் நிஜமாகவே இறங்கி ஏறுகிறது.

நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் வரைபடம்தான் நம் கடலோரத்தில் எல்லோரையும் ஏமாற்றுவது. அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று கடல். கரைக்குப் பக்கத்துக் கிணறுகளில் கடலின் ஏற்றமும் வற்றமும் கொஞ்சம் தாமதித்து வந்து தெரியும். இன்னொன்று காற்றழுத்தம். வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் காலை 10, இரவு 10 மணி வாக்கில் உச்சத்துக்கும், அதிகாலை 4, மாலை 4 மணி வாக்கில் தாழ்வுக்கும் போகிறது. வித்தியாசம் 3, 4 ஹெக்டோபாஸ்கல் இருக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். காற்றுக்குழாய் திறந்திருந்தால் இது சென்சாரில் தெரியவே கூடாது.

இரண்டையும் பிரிக்க கடிகாரம் போதும். கடலின் ஏற்றம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 10 மணிக்கு உச்சம் என்றால் நான்கு நாள் கழித்து ஒன்றேகால் மணிக்கு மேல் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரிதாகவும் அஷ்டமியை ஒட்டிச் சிறிதாகவும் இருக்கும். காற்றழுத்தத்துக்கு நிலவோடு சம்பந்தமில்லை, அது எல்லா நாளும் அதே மணிக்கு வரும். உச்சம் தள்ளிப்போகிறதென்றால் சென்சார் உண்மையைச் சொல்கிறது, விட்டுவிடுங்கள். மணி மாறாமல் வருகிறதென்றால் நேராக 7ஆம் படிக்குப் போகலாம்.

4. கண்ட்ரோலரில் போட்ட எண்களைச் சரிபாருங்கள்

செலவில்லாத படி இது. 4 மில்லிஆம்பியருக்கு என்ன, 20 மில்லிஆம்பியருக்கு என்ன என்று போட்டிருப்பதைப் பாருங்கள். 10 மீட்டர் சென்சாரை மாட்டிவிட்டு, பழைய 5 மீட்டர் அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால் எல்லாம் பாதியாகத் தெரியும். சென்சாரில் 1 பார் என்று பொறித்திருந்தால் அது 10 மீட்டர் அல்ல, நல்ல தண்ணீரில் 10.2 மீட்டர்.

யாராவது நாடாவோடு ஒத்துப்போக வேண்டும் என்று கூட்டல் கழித்தல் திருத்தம் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இருந்தால் எழுதிவைத்துக்கொண்டு பூஜ்யமாக்குங்கள். அந்தத் திருத்தம் உள்ளே இருக்கும்வரை உண்மையான பழுது தெரியாது.

5. மில்லிஆம்பியரை அளந்து பாருங்கள்

கண்ட்ரோலர் திரை ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி. சென்சார் நிஜமாகப் பேசுவது மில்லிஆம்பியரில். 10 மீட்டர் சென்சாரில் ஒரு மீட்டருக்கு 1.6 மில்லிஆம்பியர். நம் உதாரணத்தில் 2.65 மீட்டருக்கு, 4 கூட்டல் 4.24, ஆக 8.24 மில்லிஆம்பியர் வர வேண்டும்.

அளக்க, லூப்பில் (பேனலிலிருந்து சென்சாருக்குப் போய்த் திரும்பும் மின்சுற்றில்) ஒரு வயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரைத் தொடராக வையுங்கள். சிவப்பு வயரை மீட்டரின் மில்லிஆம்பியர் துளைக்கு மாற்ற வேண்டும். அளந்து முடித்த கையோடு அதைத் திரும்ப வோல்ட் துளையில் போடுங்கள். மறந்துபோய் அப்படியே 24 வோல்ட்டின் குறுக்கே வைத்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அதற்கப்புறம் எங்கே அளந்தாலும் பூஜ்யம்தான் வரும், சென்சார் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். புதுப் பையன்களிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை இது.

8.24க்குப் பக்கத்தில் வந்து, திரை மட்டும் வேறு எண் காட்டினால் கோளாறு கண்ட்ரோலரில். உறுதி செய்ய, சென்சார் வயர்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 1.8 கிலோஓம் ரெசிஸ்டரை மாட்டுங்கள். 24 வோல்ட், கண்ட்ரோலருக்குள் 250 ஓம் என்றால் ஏறக்குறைய 11.7 மில்லிஆம்பியர் ஓடும், 10 மீட்டர் அமைப்பில் திரை 4.82 மீட்டர் காட்ட வேண்டும். மீட்டரையும் தொடரில் வைத்து, நிஜமாக ஓடும் அளவுக்கே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மில்லிஆம்பியர் 3.6க்குக் கீழோ 21க்கு மேலோ இருந்தால் அது மட்டமே அல்ல, பழுது. பூஜ்யம் என்றால் வயர் அறுந்திருக்கும் அல்லது இரு வயர் மாறியிருக்கும். இடி மின்னலுக்கு மறுநாள் இப்படி வந்தால், முதலில் சர்ஜ் தடுப்பானைக் கழற்றி நேராக இணைத்துப் பாருங்கள். பல நேரம் அது தன்னைப் பலிகொடுத்து சென்சாரைக் காப்பாற்றியிருக்கும்.

6. ஓடும்போது வோல்ட் எவ்வளவு?

பவர் சப்ளை முனையில் 24 காட்டுகிறது என்று திருப்திப்பட்டுவிட வேண்டாம். லூப் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜங்ஷன் பாக்ஸில் சென்சாரின் இரு வயருக்கு நடுவில் அளக்க வேண்டும். சென்சார் கேட்கும் குறைந்தபட்ச வோல்ட்டுக்கு மேல் அங்கே இருக்க வேண்டும்.

சோலார் பேட்டரியில் ஓடும் இடங்களில் இது அடிக்கடி வருகிறது. சென்சாருக்கு 10 வோல்ட், கண்ட்ரோலரில் 250 ஓம் என்று வையுங்கள். பகலில் பேட்டரி 13.8 வோல்ட்டில் இருக்கும், மீதி 3.8 வோல்ட்டுக்கு 15 மில்லிஆம்பியர் வரை ஓடும். ராத்திரி 12க்கு இறங்கினால் 8 மில்லிஆம்பியருக்கு மேல் போக முடியாது. 10 மீட்டர் சென்சாரில் அது 2.5 மீட்டர். தண்ணீர் 5 மீட்டர் நின்றாலும் திரை 2.5ஐத் தாண்டாது. பகலில் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். 12ஐ 24 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டால் தீர்ந்தது.

7. ஜங்ஷன் பாக்ஸ்: காற்றுக்குழாய்

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

கேபிளை வெட்டிய முனையில் வயர்களோடு, பால்பாயின்ட் பேனா ரீஃபிலைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் குழாய் தெரியும். அது கிணற்றுக்கு அடியில் உள்ள சென்சாரின் முதுகுவரை போகிறது. தண்ணீரின் மேல் அழுத்தும் அதே காற்றை சென்சாருக்குள் அழுத்தத்தை உணரும் சவ்வின் பின்பக்கமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. இரண்டு பக்கமும் சமமானால்தான் மிச்சம் தண்ணீரின் அழுத்தம் மட்டுமாக இருக்கும்.

மண்டபம் பக்கம் ஓர் உறைகிணற்றில் தினமும் மதியம் இரண்டு மணிக்கு மேல் 20 சென்டிமீட்டர் இறங்கும், ராத்திரி எட்டு மணிக்கு மேல் தானாக ஏறும். மோட்டார் மதியம் நின்றுவிடும், குடங்கள் வரிசையில் காத்திருக்கும். இரண்டு சென்சார் மாற்றியும் அதே கதை. நான் போனபோது மேற்கு பார்த்த சுவரில் இருந்த பாக்ஸைத் திறந்தேன். உள்ளே வயர் முனை முழுக்க எம்சீல். ஈரம் ஏறக் கூடாது என்று நல்லெண்ணத்தில் அப்பியிருக்கிறார்கள், குழாயும் அதற்குள் மூடிப்போய்விட்டது. இரண்டாவது சென்சாரையும் அதே மாதிரி அப்பித்தான் மாட்டியிருக்கிறார்கள். பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, குழாயை எட்டியதும் அரை அங்குலம் வெட்டினேன். புஸ்ஸென்று மெல்லிய சத்தம். மீட்டரில் மில்லிஆம்பியர் கண்முன்னே ஏறி நின்றது. வெயிலில் கிடந்த கேபிளுக்குள் அடைபட்ட காற்று சூடாகி, சவ்வைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. அதுதான் மதியம் மட்டம் இறங்கியதாகக் காட்டியது.

எனவே முதலில் கண்ணால் பாருங்கள். குழாய் முனை திறந்திருக்கிறதா, பாக்ஸுக்குள் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள கிளாண்டை அளவுக்கு மீறி முறுக்கி நசுக்கியிருக்கிறார்களா, விளிம்பில் கேபிள் மடிந்து கிடக்கிறதா, கட்டுக்கம்பி இறுகியிருக்கிறதா? பாக்ஸே காற்றுப் புகாதபடி முழுக்க அடைபட்டிருந்தாலும் அதே பிரச்சினை வரும். நீர் புகாமல் காற்று மட்டும் போகும் மூச்சுத் துளை பாக்ஸுக்கு வேண்டும்.

அப்புறம் சிரிஞ்ச் சோதனை. ரப்பர் டியூபைக் குழாய் முனையில் செருகி, மீட்டரைப் பார்த்தபடி அரை மில்லி மட்டும் மெதுவாக அழுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். குழாய் நீளமானது, அரை நிமிடம் பொறுங்கள். வழி திறந்திருந்தால் மில்லிஆம்பியர் சற்றே இறங்கும், சிரிஞ்சை எடுத்ததும் பழைய இடத்துக்கு வரும். அசையவே இல்லையென்றால் நடுவில் அடைப்பு.

வாயால் ஊதாதீர்கள். மூச்சில் உள்ள ஈரம் உள்ளே போய்ச் சொட்டாகும். கம்ப்ரஸர் காற்று அடித்தால் சவ்வு போய்விடும். ஈரச்சொட்டு முனைக்குப் பக்கத்தில் தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டுங்கள். உள்ளே தள்ளி இருந்தால், முனையை சிலிக்கா ஜெல் நிரப்பிய சிறு குப்பிக்குள் சில நாள் விட்டுப் பார்க்கலாம்.

சிலிக்கா ஜெல் நீலம் என்றால் ரோஸ் ஆகும்போதும், ஆரஞ்சு என்றால் பச்சை ஆகும்போதும் ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். கடல்காற்றுக்கு அது சீக்கிரம் நிறைந்துவிடும். ஐப்பசி பிறக்குமுன் ஒரு முறை மாற்றுங்கள், மழை விட்டதும் இன்னொரு முறை பாருங்கள். பழையதை அடுப்பில் வறுத்துத் திரும்பப் போடுபவர்கள் இருக்கிறார்கள். நீல ரகத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் வைக்கவே கூடாது.

8. ஜங்ஷன் பாக்ஸ்: கசிவு

டெர்மினலில் பச்சைக் களிம்போ வெள்ளைப் பூப்போ தெரிந்தால் உப்பு உள்ளே வந்துவிட்டது. உப்பு ஈரம் இரண்டு டெர்மினலுக்கு நடுவே பாலம் போட்டு, சென்சார் வழியாகப் போகாத மின்னோட்டம் ஒன்றைச் சேர்த்துவிடும். கண்ட்ரோலருக்கு அது தண்ணீராகத் தெரியும். 0.5 மில்லிஆம்பியர் கசிந்தால் 10 மீட்டர் சென்சாரில் 31 சென்டிமீட்டர். நம் உதாரணத்தில் 2.65க்குப் பதில் 2.96 காட்டும். இல்லாத தண்ணீரை இருப்பதாகக் காட்டுவதால் இது ஆபத்தான தப்பு. மோட்டார் வறண்டு ஓடும், நல்ல தண்ணீர் கிணற்றில் உப்பு ஏறும்.

சோதனை எளிது. ஜங்ஷன் பாக்ஸில் சென்சாரின் இரு வயரையும் கழற்றி எடுத்துவிடுங்கள். பேனலிலிருந்து வரும் கேபிளும் டெர்மினலும் அப்படியே 24 வோல்ட்டில் இருக்கட்டும். பேனலில் மில்லிஆம்பியர் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் கசிவு அந்தப் பகுதியில் இருக்கிறது. பனி இறங்கிய விடியற்காலையில் செய்யுங்கள். பத்து மணி வெயிலில் எல்லாம் காய்ந்து, கசிவு காணாமல் போயிருக்கும்.

கேபிளில் கசிவு இருக்கிறதா என்று அதிக வோல்ட் கொடுத்துப் பார்க்கும் மெகர் மீட்டரை வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். சென்சார் இணைப்பில் இருக்கும்போது 500 வோல்ட் மெகர் அடித்தால் சென்சார் அந்த நொடியே போய்விடும். கழற்றிய வெறும் கேபிளுக்கு மட்டும்தான் மெகர்.

களிம்பு பிடித்த வயரைச் சுரண்டித் திரும்ப மாட்டாமல், பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். டெர்மினலைப் புதிதாகப் போடுங்கள். கிணற்றுக்குள் தண்ணீரில் மூழ்கும் இடத்தில் கேபிள் இணைப்பு இருக்கவே கூடாது. டேப் சுற்றிய இணைப்பு எதுவும் உப்புத் தண்ணீரில் நிற்காது, காற்றுக்குழாயும் அந்த இணைப்போடு முடிந்துவிடும்.

9. மோட்டார் ஓடும்போது எண் குதித்தால்

பெரும்பாலும் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) வைத்த மோட்டார்களில் வரும். சென்சார் கேபிளும் மோட்டார் கேபிளும் ஒரே பைப்பில் கட்டி வந்தால் பிரியுங்கள். வயர்களைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டு, பேனல் பக்கம் மட்டும் எர்த்தில் சேர வேண்டும், மறு முனையை வெட்டி டேப் சுற்றிவிடுங்கள். இரு முனையும் எர்த் ஆனால் அந்த ஷீல்டு வழியாகவே வேண்டாத மின்னோட்டம் ஓடும்.

கிணற்றுக்குள் மோட்டார் உறிஞ்சும் வாய்க்கு எதிரே சென்சார் தொங்கினாலும் எண் ஆடும். ஒன்றரை அங்குல பிவிசி பைப்பில் கீழிருந்து மேல்வரை துளை போட்டு, அதற்குள் சென்சாரை இறக்கினால் அமைதியாகிவிடும். மேல்பக்கத் துளையை மறக்காதீர்கள், காற்று வெளியேறாவிட்டால் பைப்புக்குள் தனி மட்டம் நிற்கும்.

10. தண்ணீரின் கனம்

சென்சாருக்குத் தெரிவது எடை மட்டும்தான். நல்ல தண்ணீருக்கு அளவு போட்ட சென்சாரைக் கடல் தண்ணீரில் இறக்கினால் இரண்டரை சதவீதம் கூடுதலாகக் காட்டும். 2 மீட்டரில் 5 சென்டிமீட்டர், இறால் பண்ணைக்கு இது பரவாயில்லை.

உப்பளத்தில் அப்படி விட முடியாது. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்கு டிகிரி தண்ணி என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. டிகிரியை 145லிருந்து கழித்து, வரும் எண்ணால் 145ஐ வகுத்தால் கனம் கிடைக்கும். 10 டிகிரிக்கு 1.07, உப்பு விளையும் 25 டிகிரிக்கு 1.21. சென்சார் காட்டுவதை இதனால் வகுத்தால் உண்மை ஆழம். 25 டிகிரிப் பாத்தியில் 60 சென்டிமீட்டர் காட்டினால் நிஜத்தில் 50க்குச் சற்றுக் குறைவு. டிகிரி வாரத்துக்கு வாரம் மாறுவதால், ஒரே எண்ணைக் கண்ட்ரோலரில் போட்டுவிட்டு மறந்துவிட முடியாது.

11. இப்போது சென்சாரை எடுங்கள்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் தப்பு தீரவில்லையென்றால்தான் இந்தப் படி. எடுப்பதையே ஒரு சோதனையாக மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் கேபிள் கிணற்று விளிம்பைத் தொடும் இடத்தில் பெயின்ட் குறி போடுங்கள். அங்கிருந்து கீழ்நோக்கி 50 சென்டிமீட்டருக்கு ஒரு குறி வரும்படி, மேலே வர வரக் குறித்துக்கொண்டே இழுங்கள். ஒவ்வொரு குறியிலும் நிறுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து, மில்லிஆம்பியரை எழுதுங்கள். 10 மீட்டர் சென்சாரில் ஒவ்வொரு 50 சென்டிமீட்டருக்கும் 0.8 குறைய வேண்டும்.

எல்லாப் படியிலும் 0.8 சரியாகக் குறைந்து, வெளியே காற்றில் 4.00க்குப் பதில் 4.15 காட்டினால் பூஜ்யம் மட்டும் நகர்ந்திருக்கிறது. அதைக் கண்ட்ரோலரில் திருத்தலாம். படிகள் ஒரே மாதிரி 0.7ஆக வந்தால் அளவே மாறிவிட்டது. படிகள் தாறுமாறாக வந்தாலோ, நிறுத்திய பிறகும் எண் மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தாலோ மூக்கில் அடைப்பு இருக்கலாம்.

மூக்கு மூடியைத் திருகிக் கழற்றுங்கள். கிணற்றுச் சென்சாரில் வழவழப்பான பாசியும் களியும் இருக்கும். கடல் வாய்க்காலில் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டியிருக்கும். தேவிபட்டினம் பக்கம் ஒரு பண்ணையில் எடுத்த சென்சாரில் மூடியின் நான்கு துளையிலும் கடுகளவு கொட்டலசு உட்கார்ந்து, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மாறாமல் நின்றிருந்தது. பாத்தியில் உப்புப் படிகமே மூடிபோல் இறுகியிருக்கும், அதற்கு நல்ல தண்ணீரில் அரை மணி ஊறவைத்தால் போதும். கொட்டலசுக்கு வினிகரில் ஊறவைத்து, மூடியை பிரஷால் தேயுங்கள்.

உள்ளே தெரியும் சவ்வை மட்டும் எதனாலும் தொடாதீர்கள். விரல், துணி, ஸ்க்ரூடிரைவர், எதுவும் கூடாது. நல்ல தண்ணீரில் மெல்ல அலசினால் போதும். இங்கே அவசரப்பட்டு ஊசியால் குத்திக் கெடுத்த சென்சார்களை நிறையப் பார்த்துவிட்டேன். பத்து நிமிடத்தில் சரியாகியிருக்க வேண்டியவை அவை.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) உடம்பில் ஊசி குத்தியது போல் சிறு குழிகளும் துரு வழிசலும் தெரிந்தால் அந்த சென்சாருக்கு ஆயுள் முடிந்தது. 316 ரகமேயானாலும், அசையாத உப்புத் தண்ணீரில் அழுக்கின் அடியில் இப்படி அரிக்கும். உப்பளத்துக்கும் கடல் வாய்க்காலுக்கும் டைட்டானியம் அல்லது பிளாஸ்டிக் உடம்பு, செராமிக் சவ்வு என்று கேட்டு வாங்குங்கள்.

12. திரும்ப இறக்குவது

மெதுவாக, கைக்குக் கை மாற்றி இறக்குங்கள். மேலிருந்து போட்டால் தண்ணீரில் விழும் அதிர்ச்சியில் சவ்வு கிழியும். தண்ணீரைத் தொட்டதும் இரண்டு முறை சற்றுச் சாய்த்து ஆட்டினால் மூக்குக்குள் சிக்கிய காற்று வெளியேறும். அடிச் சேற்றைத் தொடவிடாமல் ஒரு முழமாவது மேலே நிறுத்துங்கள். ஜிஐ கம்பியால் கட்டாதீர்கள், உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் தொட்டால் அரிப்பு வேகமாகும். நைலான் கயிறோ, கேபிளோடு வந்த பிடிப்போ போதும்.

பழைய பெயின்ட் குறி விளிம்புக்கு வந்ததும் கட்டி, அரை மணி விட்டு நாடா போட்டு மறுபடி அளந்து, திரையோடு ஒப்பிடுங்கள். மறுநாள் காலையில் ஒரு முறை, மதிய வெயிலில் ஒரு முறை. மூன்றும் இரண்டு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. தேதி, தொங்கும் ஆழம், நாடா அளவு, மில்லிஆம்பியர், சிலிக்கா ஜெல் மாற்றிய நாள் ஐந்தையும் பேனல் கதவின் உள்பக்கம் பெயின்ட் மார்க்கரால் எழுதுங்கள். நோட்டு தொலைந்துபோகும், கதவு அங்கேயேதான் இருக்கும்.